பாட்டு நினைவிருக்கிறது, எழுதியவர் யார்?

ஓபரெட்டா, அதாவது பாட்டும் பேச்சும் கலந்த லேசான இசை நாடகம், என்று சொன்னால் ஜெர்மனியில் என் வயதுக்காரர்கள் லேசாகச் சிரிப்பார்கள். பாட்டிமார் பார்க்கிற சமாச்சாரம், ஞாயிறு மதியக் காட்சி, வால்ட்ஸ் நடனம், ராணுவ உடுப்பு, கடைசியில் கல்யாணம். நான் டிரெஸ்டனில் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமை ஓபரெட்டா பார்க்கப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் இதற்கென்றே ஒரு தனி அரங்கம் இருக்கிறது, ஸ்டாட்ஸ்ஓபரெட்டெ என்று பெயர். சொந்தமாக ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ், நடனக் குழு எல்லாம் உண்டு. புறநகரில் இருந்ததை 2016 கடைசியில் நகரின் நடுவில் உள்ள பழைய மின் நிலையத்துக்கு மாற்றினார்கள். போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

போனால், பாட்டு வரும்போது பிரச்சினை இல்லை, தலையாட்டலாம். பேச்சு வரும்போதுதான் நான் அம்பேல். ஓபராவில் பெரும்பாலும் எல்லாவற்றையும் பாடிவிடுவார்கள், ஓபரெட்டாவில் அப்படி இல்லை, பாட்டுக்குப் பாட்டு நடுவே நீளமாகப் பேசுவார்கள், அதுவும் வியன்னா வட்டார வழக்கில், வேகமாக, இரட்டை அர்த்தத்தோடு. அரங்கமே குலுங்கிச் சிரிக்கும், நான் மட்டும் பக்கத்துச் சீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் போவதற்கு முன்னால் வசனப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகும் பழக்கம் வந்தது. படிக்கப் படிக்க, இசையமைப்பாளர்களைவிட அதை எழுதியவர்கள் மேல் ஆர்வம் வந்துவிட்டது. யோஹான் ஸ்ட்ராவுஸுக்கு வியன்னாவின் பூங்காவில் பொன்னிறத்தில் சிலை நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்குக் கதையும் பாட்டும் எழுதிக் கொடுத்த ரிஷார்ட் ஜெனே யார் என்று அந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் ஓபரெட்டாவின் விதை பாரிஸில் இருந்து வந்தது, ஆனால் பாரிஸில் அதை விதைத்தவர் கொலோனில் பிறந்த ஒரு யூதப் பையன், ஜாக் ஓஃபென்பாஹ். அவருடைய குட்டி நாடகங்களை 1858-இல் நடிகரும் நாடகாசிரியருமான நெஸ்ட்ராய் வியன்னாவில் மேடையேற்றினார், கூட்டம் அள்ளியது, உள்ளூர்க்காரர்களுக்கும் ஆசை வந்தது. 1860-இல் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஃபொன் ஸுப்பே ஒன்று செய்தார். ஏற்கெனவே நடன இசையில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த ஸ்ட்ராவுஸும் 1871-இல் இறங்கினார்.

அவருடைய 'டீ ஃபிளேடர்மவுஸ்', அதாவது வௌவால், 1874 ஏப்ரல் 5 அன்று தியேட்டர் ஆன் டெர் வீன் அரங்கில் அரங்கேறியது. இந்தத் தேதிக்கு ஒரு பின்னணி உண்டு. அதற்கு முந்தைய மே மாதம் வியன்னா பங்குச் சந்தை சரிந்து, ஊரில் பாதிப் பணக்காரர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்திருந்தார்கள். அந்த ஊரில், அந்த ஆட்களின் முன்னால், ஜெயிலுக்குப் போக வேண்டிய ஒரு பணக்காரன் போகிற வழியில் விருந்துக்கு நழுவுகிற கதையைப் போடுகிறார்கள். ஐஸன்ஸ்டைன் என்பது அவன் பெயர், அதிகாரியை அவமதித்ததற்காக எட்டு நாள் சிறை, வக்கீல் வாதாடியதில் தண்டனை கூடிப்போனதுதான் மிச்சம். அவன் வேறு பெயரில் விருந்துக்குப் போகிறான், அங்கே முகமூடி போட்டுக்கொண்டு ஹங்கேரியச் சீமாட்டியாக வந்திருக்கும் தன் மனைவியிடமே வழிகிறான், அவள் அவனுடைய பாக்கெட் கடிகாரத்தைச் சாட்சிக்கு வாங்கி வைத்துக்கொள்கிறாள். வீட்டில் அவளைப் பார்க்க வந்திருந்த பாடகனைத்தான் ஐஸன்ஸ்டைன் என்று நினைத்து போலீஸ் ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பாடகனும் அவளும் மது அருந்தியபடி பாடுகிற இடத்தில், மாற்ற முடியாததை மறக்கத் தெரிந்தவன் பாக்கியசாலி என்று ஒரு வரி வரும். பணத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வால்ட்ஸ் இனிப்பாக இருக்கிறது, சரி, உள்ளே இருப்பது கசப்பு மாத்திரை.

மூன்றாவது அங்கம் சிறைச்சாலையில் நடக்கிறது. திரை தூக்கியதும் ஃப்ராஷ் என்கிற குடிகார ஜெயில் காவலாளி தள்ளாடிக்கொண்டு வருகிறான். பாடுவது அவன் வேலை இல்லை. பேச்சு மட்டும்தான். அறையில் அடைபட்டிருக்கும் பாடகன் ஓயாமல் பாடிக்கொண்டிருக்க, இவன் அவனை அதட்டுவான், தொப்பியை மாட்ட ஆணியைத் தேடுவான், சாராயப் பாட்டிலை ஒளிப்பான். எழுதப்பட்ட வசனம் கொஞ்சம்தான், மீதியை நடிகர் அன்றைக்குச் செய்தித்தாளில் வந்ததை வைத்துச் சொந்தமாக நிரப்ப வேண்டும். அமைச்சர்கள், ரயில் தாமதம், அந்த அரங்கத்தின் நிர்வாகி, யாரும் தப்ப முடியாது. கம்பெனி நாடகத்தில் பபூன் மேடைக்கு வந்து உள்ளூர் மிராசுதாரை ஒரு கடி கடித்துவிட்டுப் போவாரே, அதே உரிமை. பெரிய பெரிய நகைச்சுவை நடிகர்கள் இந்த வேடத்துக்குப் போட்டி போடுவார்கள். டிசம்பர் 31 இரவு வியன்னாவின் ஸ்டேட் ஓபராவே, வாக்னரும் வெர்டியும் நடக்கிற அதே மேடையில், இந்த நாடகத்தைப் போடுகிறது, அன்று மக்கள் காத்திருப்பது ஃப்ராஷ் என்ன சொல்லப் போகிறார் என்பதற்குத்தான்.

ஓபராவுக்குத் தங்கச்சி, கொஞ்சம் படிப்பு குறைந்தவள் என்று ஓபரெட்டாவைப் பார்க்கிற பார்வையை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம். இது வேறு தொழில். நகரத்துக்காக, அன்றன்றைய ஜனங்களுக்காக, லாபத்துக்காகச் செய்த தொழில். தனியார் அரங்கங்கள், மானியம் கிடையாது, ஓடினால் ஓடும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஒரு நல்ல பாட்டு வந்தால் வன்ஸ்மோர் கேட்பார்கள், மறுநாள் காபி ஹவுஸ் இசைக்குழு அதை வாசிக்கும், மறுவாரம் பியானோ நோட்டுப் புத்தகம் கடையில் விற்கும்.

அந்தத் தொழில் உலகம் முழுக்கப் போனது 1905 டிசம்பர் 30-க்குப் பிறகு. இசையமைப்பாளர் லெஹாரின் 'டீ லுஸ்டிகெ விட்வெ', கலகலப்பான விதவை. முதலில் இசையமைக்க அழைக்கப்பட்டவர் வேறு ஆள், அது சரிப்பட்டு வராமல் லெஹாரிடம் வந்தது. அரங்க நிர்வாகிகளுக்கு நம்பிக்கையே இல்லை, பழைய நாடகங்களின் துணிமணிகளையும் திரைகளையும் வைத்து ஒப்பேற்றினார்கள். 1907-இல் லண்டனுக்குப் போய் அங்கே 778 காட்சிகள் ஓடியது, அதே ஆண்டு நியூயார்க்கிலும் ஏறியது, கதாநாயகி போட்டிருந்த அகலத் தொப்பி அவள் பெயரிலேயே கடைகளில் விற்றது.

இதன் கதையை எழுதிய விக்டர் லேயோன், லேயோ ஸ்டைன் இருவரின் கைவேலையை ஒரே ஒரு இடத்தில் காட்டுகிறேன். ஹன்னா இரண்டு கோடி சொத்துள்ள இளம் விதவை. அவள் வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டால் அவள் நாட்டுக் கஜானா திவால், ஆகவே பாரிஸ் தூதரகத்தில் இருக்கும் டனிலோவை அவளைக் கட்டிக்கொள்ளச் சொல்லி உத்தரவு வருகிறது. இருவரும் பழைய காதலர்கள். அன்று அவள் ஏழை என்று இவன் வீட்டில் தடுத்தார்கள், இன்று அவள் பணக்காரி என்பதால் இவனுக்கு வாய் வரவில்லை, காதலிக்கிறேன் என்று சொன்னால் பணத்துக்காக என்று ஆகிவிடும். சொல்லவே மாட்டேன் என்கிறான். சொல்லக் கூடாத அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் முழு நாடகமும் நிற்கிறது. அதனால் இரண்டாம் அங்கத்தில் பேச்சில்லாமல் இருவரும் ஆடுகிறார்கள், புகழ்பெற்ற அந்த வால்ட்ஸ் மெட்டு முதலில் அங்கேதான், சொற்களே இல்லாமல் வருகிறது. மூன்றாம் அங்கத்தில்தான் அதற்கு வார்த்தை, அதுவும் உதடுகள் மௌனமாக இருக்கின்றன என்று ஆரம்பிக்கிற வார்த்தை. கடைசியில் ஹன்னா, மறுமணம் செய்தால் என் சொத்து போய்விடும் என்று உயிலில் இருக்கிறது என்கிறாள். டனிலோ அடுத்த நொடி, காதலிக்கிறேன் என்று கத்திவிடுகிறான். சொன்ன பிறகு அவள் நிதானமாக மிச்சத்தைச் சொல்கிறாள்: போய்விடும், புதுக் கணவன் கைக்கு.

இதைப் படித்தபோது நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

இன்னொரு இசையமைப்பாளர் கால்மானின் 'சார்டாஸ்ஃபூர்ஸ்டின்', அதாவது சார்டாஸ் நடன இளவரசி, எனக்கு இதைவிடவும் பிடிக்கும். 1915 நவம்பர், போர் நடந்துகொண்டிருக்கிறது. கேளிக்கை விடுதிப் பாடகி சில்வாவை ஓர் இளவரசன் மகன் காதலிக்கிறான், எட்டு வாரத்துக்குள் கல்யாணம் என்று நோட்டரி முன் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுக்கிறான், ஆனால் வீட்டார் அவனுக்கு வேறு பெண்ணோடு நிச்சயதார்த்த அட்டை அச்சடித்து விட்டார்கள். அரண்மனை விருந்தில், எல்லார் முன்னிலையிலும், சில்வா அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறாள். ஓபரெட்டாவில் இரண்டாம் அங்கத்தின் முடிவு எப்போதும் இப்படித்தான், எல்லாம் நாசமாய்ப் போன இடத்தில் திரை விழும், அங்கே இசை ஓபராவுக்குக் கொஞ்சமும் சளைத்ததாக இருக்காது. இடைவேளைக்குப் பிறகு நகைச்சுவைக்காரர்கள் வந்து பழையபடி ஒட்டவைப்பார்கள். இங்கே ஒட்டவைக்கும் விதம் பிரமாதம்: பாடகி மருமகளா என்று குதித்த மாமியார், தானே ஒரு காலத்தில் அதே மாதிரி விடுதியில் பாடிக்கொண்டிருந்தவள் என்று தெரியவருகிறது. மூன்று ஆண்டு கழித்து, நிஜத்தில் ஆஸ்திரியாவை ஆண்ட அரச வம்சமே ஆட்சியில் இல்லை.

1920-களில் ஓபரெட்டாவின் தலைநகரம் பெர்லினுக்கு நகர்ந்தது. ஜாஸ் வந்தது, சாக்ஸபோன் வந்தது, மேடையில் வரிசையாகப் பெண்கள் கால் தூக்கி ஆடினார்கள், டெனர் எனப்படும் உச்சக் குரல் பாடகர் ரிஷார்ட் டாவுபருக்காகவே லெஹார் பாட்டுப் போட ஆரம்பித்தார். 1930-இல் முன்னாள் சர்க்கஸ் கட்டடமான குரோஸஸ் ஷாவுஷ்பீல்ஹவுஸில் 'இம் வைஸன் ரோஸ்ல்', அதாவது வெள்ளைக் குதிரை விடுதியில், ஏறியது. ஏரிக்கரை ஹோட்டல், முதலாளியம்மாவைக் காதலிக்கும் தலைமை வெயிட்டர், எதற்கெடுத்தாலும் பெர்லினில் இப்படி இல்லை என்று புலம்பும் உள்ளாடைத் தொழிலதிபர். நாட்டுப்புற ஆஸ்திரியாவைப் பற்றி பெர்லின்காரர்கள் செய்த நையாண்டி அது, மலை, மாடு, தேசபக்தி எல்லாமே கிண்டலுக்குத்தான். 1932 டிசம்பர் 23 அன்று அதே அரங்கில் இசையமைப்பாளர் பால் ஆப்ரஹாமின் 'பால் இம் ஸவாய்', ஸவாயில் நடன விருந்து. அதில் துரோகம் செய்த கணவனுக்கு மனைவி, நானும் அதையே செய்தேன் என்று ஊரறியச் சொல்கிறாள். 1932-இல்.

ஐந்து வாரம் கழித்து ஹிட்லர் பதவிக்கு வந்தார்.

இனி வருவது எழுதியவர்களின் கதை. ஓபரெட்டாவை உண்டாக்கியவர்களில், குறிப்பாகக் கதையும் பாட்டும் எழுதியவர்களில், மிகப் பெரும்பாலானோர் யூதர்கள். ஹிட்லருக்கோ லெஹாரின் விதவை என்றால் உயிர். லெஹார் யூதர் இல்லை, அவர் மனைவி யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அந்த மனைவிக்கு விலக்கு கிடைத்தது. விதவையை எழுதியவர்கள் இருவருமே யூதர்கள். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நாடகத்தைப் போட்டார்கள், பெயரை எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ராவுஸின் விஷயம் இன்னும் வேடிக்கை. அவருடைய முன்னோர் ஒருவர் மதம் மாறிய யூதர் என்று வியன்னா ஸ்டீஃபன் பேராலயத்தின் திருமணப் பதிவேட்டில் இருந்தது. மூலத்தை பெர்லினுக்கு எடுத்துப் போய் ஒளித்துவிட்டு, அந்தப் பக்கம் இல்லாத நகல் ஒன்றைத் திருப்பி வைத்தார்கள். வௌவாலைத் தடை செய்ய மனம் வரவில்லை, ஆகவே கொள்ளுத்தாத்தாவின் கல்யாணத்தைத் தடை செய்தார்கள்.

ஃபிரிட்ஸ் லோனர்-பேடா என்று ஒருவர். பொஹீமியாவில் பிறந்து வியன்னாவில் சட்டம் படித்தவர், ஹாகோவா என்கிற யூத விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹைடல்பெர்க்கில் என் இதயத்தைத் தொலைத்தேன் என்று ஜெர்மனியில் இன்றைக்கும் சுற்றுலா போகிறவர்கள் பாடுகிற பாட்டில் அவர் கை உண்டு, வாழைப்பழத்தை வைத்து வந்த அமெரிக்கக் கிறுக்குப் பாட்டின் ஜெர்மன் வடிவமும் அவருடையதே. 1929-இல் லெஹாரின் 'டாஸ் லாண்ட் டெஸ் லேஹெல்ன்ஸ்', அதாவது புன்னகையின் நாடு, லுட்விக் ஹெர்ட்ஸரோடு சேர்ந்து எழுதினார். டாவுபர் உலகம் முழுக்கப் பாடிய, என் முழு இதயமும் உனக்கே என்கிற பாட்டு அதில் வருவதுதான். சீன இளவரசனாக வெள்ளைக்கார டெனர் மஞ்சள் பூசிக்கொண்டு வருவதை இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் பாட்டு பாட்டுதான்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. சில நாட்களிலேயே லோனர்-பேடாவைப் பிடித்து டஹாவு வதைமுகாமுக்கும், பிறகு பூஹென்வால்டு வதைமுகாமுக்கும் அனுப்பினார்கள். அங்கே முகாம் அதிகாரி, நமக்கென்று ஒரு பாட்டு வேண்டும், எழுதுகிறவனுக்குப் பத்து மார்க் என்று அறிவிக்க, லோனர்-பேடா வரி எழுத, சக கைதி ஹெர்மன் லியோபோல்டி மெட்டுப் போட்டார். இருவரும் யூதர்கள் என்பதால் வேறொரு கைதியின் பெயரில்தான் அது சமர்ப்பிக்கப்பட்டது. கைதிகள் பனியில் நின்று மணிக்கணக்கில் அதைப் பாட வேண்டியிருந்தது. முகாமை நிறுவியவர்களுக்கு அது உறைத்ததா தெரியாது, ஒருநாள் விடுதலை வரும் என்றே அந்தப் பாட்டு சொல்கிறது. அங்கேயும் பெயர் இல்லை, வெளியே அவருடைய பாட்டுகள் வானொலியில் வந்துகொண்டிருந்தன, அங்கேயும் பெயர் இல்லை. அவருடைய மனைவியையும் இரண்டு மகள்களையும் 1942-இல் மின்ஸ்க் அருகே கொன்றார்கள். அவர் அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று ஆவுஷ்விட்ஸின் மோனோவிட்ஸ் முகாமில் இறந்தார், அடித்துக் கொல்லப்பட்டார். லெஹார் அவருக்காகப் பேசினாரா இல்லையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. லெஹார் 1948 வரை வாழ்ந்தார்.

முதல் டனிலோவாக நடித்து ஆடிய லூயிஸ் டிராய்மன் 1943-இல் டெரேஸியன்ஷ்டட் முகாமில் இறந்தார். ஹிட்லருக்கு உயிரான நாடகத்தின் முதல் கதாநாயகன். பால் ஆப்ரஹாம் தப்பி கியூபா வழியாக நியூயார்க் போனார், அங்கே மனம் பிறழ்ந்து, நடுச்சாலையில் இல்லாத ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டு நின்றவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால்மானின் பாட்டுகளை எழுதிய ஆல்ஃபிரெட் குரூன்வால்ட் தப்பினார். அவருடைய மகன் ஹென்றி அமெரிக்காவில் டைம் பத்திரிகையின் தலைமை ஆசிரியராகி, 1988-இல் அமெரிக்கத் தூதராக வியன்னாவுக்கே திரும்பி வந்தார்.

போருக்குப் பிறகு ஓபரெட்டா தொடர்ந்து நடந்தது, ஆனால் கேலி செய்தவர்கள் இல்லை. மிஞ்சியவர்கள் இனிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஜாஸை எடுத்துவிட்டு வயலினை இரட்டிப்பாக்கினார்கள், படுக்கையறைக் கிண்டல்களை வெட்டினார்கள், ஏரிக்கரை ஹோட்டல் நையாண்டி கலர் படமாகி அப்பட்டமான ஊர்ப்பெருமையாக மாறியது. என் பக்கத்து மேசைக்காரர் சிரித்தது இந்த ஓபரெட்டாவைப் பார்த்துத்தான், அவரைக் குறை சொல்ல முடியாது, தொலைக்காட்சியில் அவர் வளர்ந்தது இதைப் பார்த்து. அந்த ஹோட்டல் நாடகத்தின் அசல் இசைக் குறிப்புகள் வெகுகாலம் காணாமலே போயிருந்து, ஸாக்ரெப்பில் கிடைத்தன. 2009-இல் அதை மறுபடி முதலில் வாசித்துக் காட்டியது நான் மேலே சொன்ன டிரெஸ்டன் அரங்கம். அப்புறம் பெர்லினின் கோமிஷெ ஓப்பர் அரங்கில் இயக்குநர் பாரி கோஸ்கி வந்தார், 2013-இல் 'பால் இம் ஸவாய்' போட்டார், டிக்கெட் கிடைக்கவில்லை. அந்தக் கட்டடம் முன்பு மெட்ரோபோல் தியேட்டர், புன்னகையின் நாடு அரங்கேறிய இடம்.

வியன்னாவின் ஃபோக்ஸ்ஓப்பர் அரங்கம் 2023 டிசம்பரில் இன்னொன்று செய்தது. 1938-இல் தன் மேடையில் ஒத்திகையில் இருந்த ஒரு ஓபரெட்டாவை எடுத்து, அந்தக் குழுவில் யாரார் துரத்தப்பட்டார்கள், யார் அவர்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையே நாடகமாக்கியது.

அமெரிக்க மியூசிக்கல் வந்து ஓபரெட்டாவை வீழ்த்திவிட்டது என்பது வழக்கமான வரலாறு. எனக்கு அது பாதிக்குமேல் ஒப்பவில்லை. 'மை ஃபேர் லேடி'க்கு இசையமைத்த ஃபிரெடெரிக் லோ பெர்லினில் பிறந்தவர், அவருடைய அப்பா எட்மண்ட் பெர்லின் மேடையில் டனிலோவாகப் பாடியவர். அந்த மியூசிக்கல் 1961-இல் பெர்லினுக்கு வந்தபோது, அதன் கதாநாயகி எலைசாவின் லண்டன் தெருப்பேச்சை பெர்லின் தெருப்பேச்சாக்கி ஜெர்மனில் எழுதியவர் ராபர்ட் கில்பர்ட். ஏரிக்கரை ஹோட்டலின் பாட்டுகளை எழுதிவிட்டு நாடுகடந்து ஓடிய அதே கில்பர்ட்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. வௌவாலில் ஆரம்பியுங்கள், வசனத்தோடு உள்ள முழுப் பதிவாக இருக்கட்டும், பாட்டுத் தொகுப்பு வேண்டாம். அடுத்து கால்மான். ஐம்பதுகளின் பளபளப்பான ஒலித்தட்டுகளைத் தள்ளிவையுங்கள், 1930-ஐ ஒட்டிய கீறல் விழுந்த பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, ஃபிரிட்ஸி மஸ்ஸாரி என்கிற பாடகியைத் தேடுங்கள். குரல் பெரிய குரல் இல்லை, ஆனால் ஒரு சொல்லை எங்கே நிறுத்தி, எங்கே முழுங்கி, எங்கே கண்ணடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஜெர்மன் தெரியாதவர்கள் பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எழுதியவர் பெயர் அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.